தோளில் விழுந்த பல்லி

பாண்டிச்செல்வி கொண்டையைத் தட்டிவிட்டாள். பல்லி தோளில் சறுக்கி, மடியில் கிடந்த காகிதக் குழாய்கள்மேல் விழுந்து, சுவரேறி ஓடியது. எதிரே பட்டாசுக் குழாய் ஒட்டிக்கொண்டிருந்த அய்யம்மாள் அப்போதுதான் நிமிர்ந்தாள். மறுநாள் சாயங்காலம் அவள் மகன் முத்துப்பாண்டிக்காகப் பாண்டிச்செல்விக்குப் பூ வைத்து நிச்சயம் செய்வதாக இருந்தது.

"எங்கன விழுந்துச்சு?"

"தோள்ல அத்தை. இடத்தோள்ல."

அந்தப் பல்லியை ஷெட்டில் எல்லோருக்கும் தெரியும். மண் நிறம். சன்னல் வெளிச்சத்தில் நின்றால் வயிற்றுத் தோலுக்குள் இரண்டு முட்டைகள் வெள்ளையாகத் தெரியும். இமை கிடையாது, நாக்கை நீட்டித் தன் கண்ணைத் தானே நக்கிக்கொள்ளும். பசை வாளிக்கு வரும் ஈக்களுக்காக உத்தரத்தில் தலைகீழாகக் காத்துக் கிடக்கும். பாண்டிச்செல்வி அதை விரட்டியதில்லை. அவளுக்கும் காத்துக் கிடந்தே பழக்கம். சின்ன வயதில் தீப்பெட்டி ஒட்ட வந்தவள், தங்கைகளைக் கட்டிக்கொடுத்துவிட்டு, இனி தனக்கில்லை என்றிருந்தாள். வேலைக்கு வரும் திருத்தங்கல் வேனில் பக்கத்து சீட்டில் உட்கார ஆரம்பித்த அய்யம்மாள்தான் ஒருநாள் மகன் பேச்சை எடுத்தாள்.

வாசலில் தொங்கிய 2006 காலண்டரின் பின்பக்கத்தில் பல்லி விழும் பலனைப் பார்த்த, கூட ஒட்டும் ராமுத்தாய், பெண்ணுக்கு இடத்தோள் நல்லதுதான் என்றாள். பல்லிக்கே கல்யாண அவசரம் போலிருக்கிறது என்றதும் எல்லோரும் சிரித்தார்கள். அய்யம்மாளும் சிரித்தாள்.

அப்போது பாண்டிச்செல்வியின் கொண்டைக்குள் ஏதோ துடித்தது. அய்யம்மாள் எழுந்துவந்து முடியைப் பிரித்து எடுத்தாள். அறுந்த வால். அவள் உள்ளங்கையில் நெளிந்து, நின்று, மறுபடி நெளிந்தது.

தலையில் விழுந்தால் வீட்டில் சாவு என்று காலண்டர் பார்க்காமலே எல்லோருக்கும் தெரியும். அய்யம்மாளின் மூத்தவன் வெடிமருந்து கலக்கும் ரூமில் எரிந்துபோனவன். முத்துப்பாண்டிக்கும் அதே வேலை.

"தப்பா நெனைக்காத தாயி. எனக்கு மிச்சம் அவன் ஒருத்தந்தான்."

"அது சும்மா விழுந்தது அத்தை."

"பெறகு எதுக்குத் தோள்னு சொன்ன?"

பாண்டிச்செல்வி பிரிந்த முடியை மறுபடி கொண்டையாகச் சுற்றினாள். வால் அடங்கியதும் அய்யம்மாள் அதைச் சன்னல் வழியே எறிந்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

மறுநாள் தீபாவளி ஆர்டருக்காக வேலை இருந்தது. பூ வைப்பதற்காகக் கேட்டிருந்த லீவைப் பாண்டிச்செல்வி எடுக்கவில்லை. வேனில் அய்யம்மாள் முன்சீட்டில் இருந்தாள். மதியம் தனித்தனியே சாப்பிட்டார்கள். வாலில்லாத பல்லி உத்தரத்தில் பழைய இடத்திலேயே இருந்தது. சாயங்காலம் மழை வரும்போலிருந்ததால் காயவைத்த குழாய்களை உள்ளே அள்ளி வைத்தார்கள். பிறகு வேன் வந்தது.