சீதையின் கையும் சர்க்கார் சான்றிதழும்

மானகிரியில் பிறந்த பிள்ளைகளில் பாதிக்குமேல் சீதையின் கால்மேல் கிடந்து குளித்தவைதான். பிரசவம் பார்த்த கையோடு தினமும் வந்து குளிப்பாட்டியும் விடுவாள். நெற்றியை வழித்து, பின்மண்டையை உள்ளங்கையில் உருட்டி, கோணல் தலையையும் குண்டுத் தலையாக்கிவிடுவாள் என்று பேர். உச்சிக்குழியில் விரலை வைத்து, துடிக்கிற துடிப்பிலேயே பிள்ளை பசிக்கு அழுகிறதா, வயிற்று நோவுக்கு அழுகிறதா என்று சொல்வாள். பாதி பலிக்கும். பலிக்காத பாதியை யாரும் ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை. கைராசிக்காரி என்று பேர் எடுத்துவிட்டால் அப்படி ஒரு வசதி உண்டு.

அறுபத்தெட்டில் சர்க்கார் நாட்டு மருத்துவச்சிகளுக்குப் பயிற்சி கொடுத்துச் சான்றிதழும் தரப்போவதாகத் தண்டோரா போட்டார்கள். புருஷன் போய்ச் சேர்ந்து, பிள்ளைகுட்டியும் இல்லாத சீதைக்குத் தடுக்க ஆளில்லை. காரைக்குடிக்குப் பஸ் ஏறிப் போய்வந்தாள். சுகாதார நிலையத்துத் தாழ்வாரத்தில் சாக்கை விரித்து உட்காரவைத்து, துணிப் பொம்மை ஒன்றைக் கையில் பிடித்தபடி நர்ஸம்மா பாடம் நடத்தினாள். நகம் வெட்டுவது, பிளேடைக் கொதிக்கவைப்பது எல்லாம் முடிந்து, தலைக்கு வந்தாள்.

"மண்டையில இருக்கது ஒரே எலும்பு இல்லை, துண்டு துண்டா இருக்கு. அது தானாக் கூடும், நீங்க உருட்ட வேண்டாம். உச்சி உள்ளே இறங்கியிருந்தா எலும்பு விழுந்துருச்சுன்னு வாய்க்குள்ள விரலை விட்டுத் தூக்குறீங்களே, அதை இன்னையோட விட்ருங்க. பிள்ளைக்கு உடம்புல தண்ணி வத்திப்போச்சு, அதுதான் குழியுது. பாலைக் குடுங்க, உப்புப் போட்ட கஞ்சித்தண்ணியைக் குடுங்க, தூக்கிக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க."

மற்றவர்கள் முந்தானையை வாயில் வைத்துச் சிரித்தார்கள். சீதை சிரிக்கவில்லை. உச்சி விழுந்ததென்று தன்னிடம் கொண்டுவந்த பிள்ளைகளை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள். விளக்கெண்ணெயில் கட்டைவிரலைத் தோய்த்து மேல்வாயை நெம்பித் தூக்கியும், இரண்டொரு நாளில் போன பிள்ளைகள் எத்தனை என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அன்றைக்குக் கட்டிக்கொண்டு போன சோற்றை அவிழ்க்காமலே திரும்பினாள்.

கடைசியில் டாக்டர் கேட்ட கேள்விக்கெல்லாம் பிசகாமல் பதில் சொன்னாள். முத்திரை குத்திய சான்றிதழைக் கண்ணாடி போட்டு முருகன் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினாள். படித்த பாடத்தையும் விடவில்லை. யார் வீட்டுப் பிள்ளையானாலும் தலையை உருட்ட மாட்டேன் என்றாள், உச்சியைத் தூக்க மாட்டேன் என்றாள்.

ஊர் விடுமா? "சர்க்காருல போயிப் படிச்சுப்பிட்டு உள்ள கைவேலையையும் மறந்துட்டு வந்துட்டா" என்று சொல்லிவிட்டு, வீடு வீடாக மேலத்தெருப் பொன்னுத்தாயியைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். நெல்லும் எண்ணெயும் வந்துகொண்டிருந்த வாசல்கள் சீதைக்கு அடைபட்டன. நிலபுலம் உள்ள குடும்பங்களில் நாச்சியார் வீடு ஒன்றுதான் மிச்சம்.

எழுபத்தொன்று சித்திரையில், அந்த நாச்சியார் வீட்டில் மருமகள் மீனாளின் தலைச்சன் பிள்ளைக்கு வயிற்றால் போனது. சீதை போனபோது பிள்ளை அழக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தது. உச்சியில் குழி விழுந்திருந்தது.

"வயித்தால போறப்பப் பாலைக் குடுத்தா இன்னும்ல போகும், நேத்தே நிப்பாட்டிட்டோம்" என்றாள் நாச்சியார். "ஆஸ்பத்திரிக்குக் கொண்டுக்கிட்டுப் போவமான்னு மகன் கேக்குறான். நான்தான், சர்க்காரு சான்றிதழ் வாங்குனவ நம்ம ஊருக்குள்ளயே இருக்கா, எதுக்குடா அங்குட்டுப் போயி அலையணும்னேன். உச்சியைத் தூக்கிவிடு சீதை."

என்ன செய்ய வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். நர்ஸம்மா குரல் காதுக்குள்ளேயே கேட்டது. ஆனால் ஆஸ்பத்திரி என்று வாயெடுத்தால் நாளைக்கு இந்த வாசலுக்கும் பொன்னுத்தாயி வந்துவிடுவாள். சுற்றி நின்ற பெண்கள் சீதையின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எண்ணெய் எடுத்தாங்க ஆத்தா. சாயந்தரம் வரைக்கும் பாப்பம்."

விரலை விட்டுத் தூக்கினாள். உச்சியில் பச்சிலையை அரைத்து அப்பினாள். சாயந்தரம் ஆனது, ஆஸ்பத்திரிப் பேச்சை அவளும் எடுக்கவில்லை, வேறு யாரும் எடுக்கவில்லை. மறுநாள் பால் கறக்கிற நேரத்தில் பிள்ளையின் மூச்சு அடங்கிவிட்டது.

ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன் என்பார்கள். சீதையை ஒருத்தரும் ஒரு சொல் சொல்லவில்லை. சான்றிதழ் வாங்கினவளே கைவைத்தும் நிற்கவில்லை, அதற்கு ஆயுசு அம்புட்டுத்தான் என்று ஊரே முடித்துக்கொண்டது. அதைவிடக் கொடுமை, சீதை மறுபடி உச்சியைத் தூக்குகிறாள் என்று தெரிந்ததும் போன வீடுகளெல்லாம் திரும்பி வந்தன. அவளும் போனாள். தலையை உருட்டினாள், நெற்றியை வழித்தாள். உச்சிக்குழி மட்டும் கையில் தட்டுப்பட்டால் விரலைச் சட்டென்று எடுத்துக்கொள்வாள்.

எழுபத்துமூன்றில் ஒரு முற்பகல், மீனாள் இரண்டாவது பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தானே சீதையின் குடிசைக்கு வந்தாள். ஒரு கையில் எண்ணெய்க் கிண்ணம்.

"ரெண்டு நாளா வயித்தால போகுதுக்கா. அத்தை ஒங்ககிட்டக் காட்டிட்டு வரச் சொன்னாக."

பிள்ளையைச் சீதையின் மடியில் கிடத்தினாள். அதே உலர்ந்த உதடு, அதே குழி. சீதை கிண்ணத்தைத் தொடவில்லை.

"காரைக்குடி பஸ்ஸு வர்ற நேரம். கிளம்பு தாயி. போற வழியெல்லாம் பாலைக் குடு."

"உச்சியைத் தூக்கிவிட்டீகன்னா..."

"தூக்குறதுக்கு ஒண்ணும் விழுகலை தாயி. தண்ணி வத்திப்போயிக் கிடக்கு. ஆஸ்பத்திரியில தண்ணி ஏத்துனா உச்சி தானா மேல வரும்."

மீனாள் பிள்ளையை வாரி மார்பில் போட்டுக்கொண்டாள். இரண்டு எட்டு வைத்தவள் நின்றாள்.

"இது ஒங்களுக்கு எப்பத் தெரியும்?"

இப்பத்தான் தெரிஞ்சது என்று ஒரு பொய் போதும். பொய் சீதைக்குப் புதுசில்லை. ஆனாலும் பிள்ளையைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல வாய் வரவில்லை.

"பயிற்சியிலயே சொல்லிக்குடுத்தாக தாயி."

மீனாள் பிள்ளையை இறுக்கிக்கொண்டு வாசலைத் தாண்டினாள். அழவில்லை. சீதை செம்பில் கஞ்சித்தண்ணியை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினாள்.

"வராதீக" என்றாள் மீனாள், திரும்பாமலே.

பிள்ளை பிழைத்துக்கொண்டது. மீனாள் மாமியாரிடமும் ஊரிடமும் மூச்சு விடவில்லை. வாசலில் வந்து மண்ணை வாரித் தூற்றியிருந்தால்கூடச் சீதைக்குத் தாங்கியிருக்கும். அதன் பிறகு தெருவில் சீதை எதிர்ப்பட்ட போதெல்லாம், மீனாள் முந்தானையை இழுத்துப் பிள்ளையின் தலையை மூடிக்கொண்டு போனாள்.