ரிலீவர் வரும்வரை

ரஞ்சிதாவுக்குச் சின்ன வயதிலேயே அடக்கத் தெரியும். அவள் படித்த பள்ளிக்கூடத்தில் கக்கூசுக்குக் கதவு இருந்தது, தாழ்ப்பாள் இல்லை. வெளியே காவல் நிற்க ஒருத்தி வேண்டும். ஆள் கிடைக்காத நாளில் வீடு போய்ச் சேரும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். கல்யாணமாகி மூர்த்தியோடு ஓசூருக்கு வந்து, சிப்காட் பக்கம் கார்களுக்கு ஒயர்க் கட்டு தயாரிக்கும் கம்பெனியில் சேர்ந்தபோது அந்தப் பழக்கம்தான் கைகொடுத்தது.

லைனில் இருபத்துநாலு பெண்கள். ஒயர் மாட்டிய பலகை முன்னால் நகர்ந்துகொண்டே இருக்கும். நின்றுகொண்டே டேப் சுற்ற வேண்டும். ஒருத்தி பாத்ரூம் போனால் அவள் இடத்தில் நிற்பதற்கு ரிலீவர் வர வேண்டும். பக்கத்து லைனுக்கும் சேர்த்து ஒரே ரிலீவர், ரோஷன் பீ. பாவம், அவள் போவதற்கு யாரும் ரிலீவர் கிடையாது.

கை தூக்கினால் லைன் லீடர் பிரகாஷ், "அஞ்சு நிமிஷம்மா, ரோஷன் பீ வந்துரட்டும்" என்பான். அந்த அஞ்சு நிமிஷம் முக்கால் மணி நேரமாகும். ரஞ்சிதா தண்ணீர் குடிப்பதையே விட்டாள். விடிகாலையில் ஒரு டம்ளர் டீ, அதோடு சரி. ஷிப்ட் முடியும்வரை நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

நாலாவது வருஷம் மூத்திரம் போகும்போது எரிச்சல் ஆரம்பித்தது. மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டுச் சமாளித்தாள். ஒருநாள் வீடு திரும்பும்போது கம்பெனி பஸ்ஸிலேயே குளிர் தூக்கிப் போட்டது. ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் டிரிப்ஸ் ஏறியது. கிருமி கிட்னிவரை ஏறிவிட்டது என்றார் டாக்டரம்மா. "வந்தா உடனே போயிரணும். இவ்ளோ அடக்குவாங்களாம்மா?" என்று கடிந்துகொண்டார். ரஞ்சிதா சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அடக்கியவள்மேல்தான் எல்லாருக்கும் கோபம். அடக்க வைத்தவனை ஒருத்தரும் கேட்கவில்லை.

வேலைக்குத் திரும்பிய வாரத்தில் கம்பெனியில் ஆரோக்கிய வாரம் கொண்டாடினார்கள். பெங்களூரிலிருந்து ஒரு மேடம் வந்து, எல்லாரையும் கண்ணை மூடச் சொல்லி, கன்னடம் கலந்த தமிழில் மெதுவாகப் பேசினார். "உடம்பு நம்மகிட்ட பேசிட்டே இருக்குது. நாமதான் கேக்கறதில்ல."

ரஞ்சிதா கண்ணைத் திறந்து எழுந்தாள்.

"எனக்கு நல்லாவே கேக்குதுங்க மேடம். எட்டு மணிக்குச் சொல்லுது. எட்டரைக்குக் கெஞ்சுது. பிரகாஷ் சாருக்குத்தான் கேக்க மாட்டேங்குது."

பெண்கள் சிலர் சிரித்துவிட்டார்கள். மேடம் எச்.ஆர். மோகன்குமாரைத் திரும்பிப் பார்த்து, "ஹௌதா? அப்படியா?" என்றார்.

"ரஞ்சிதா, அதெல்லாம் தனியா பேசிக்கலாம்" என்றார் மோகன்குமார்.

"நாலு வருஷமா தனியாத்தான் பேசறனுங்க சார்."

ஒன்றும் மாறவில்லை. அடுத்த திங்கட்கிழமை அவள் கை தூக்கியபோது அதே அஞ்சு நிமிஷத்தைத்தான் பிரகாஷ் சொன்னான். லைனுக்கு மேலே ஒரு சிவப்புக் கயிறு தொங்கும். ஒயரில் பழுது தெரிந்தால் மட்டும் இழுக்க வேண்டிய கயிறு. இழுத்தால் மணி அடித்து, பலகை மொத்தமும் நின்றுவிடும். ரஞ்சிதா டேப்பை வைத்துவிட்டு அதை இழுத்தாள். யாரையும் பார்க்காமல் நடந்தாள். போய்விட்டு, கையை நிதானமாகச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்தாள். லைன் ஆறு நிமிஷம் நின்றிருந்தது.

எதற்காகக் கயிற்றை இழுத்தாய் என்று மெமோ வந்தது. அடியிலேயே பதில் எழுதினாள்: "மூத்திரம் வந்தது. போனேன். மறுபடி வந்தால் மறுபடி போவேன்."

பிரகாஷ் முகம் சுளித்தான். "என்னாம்மா இது, அசிங்கமா. உடம்பு சரியில்லைன்னு எழுது."

"என் உடம்பு சரியாத்தான் சார் இருக்குது. அதனாலதான் வருது."

அன்று மூர்த்தியும் பயந்துபோய்ச் சொன்னான்: "வேலை போயிரும் புள்ள. மன்னிப்புக் கேட்டுரு."

"நீங்க உங்க பட்டறையில லேத்தை நிறுத்திட்டு நெனச்சப்ப போயிட்டு வர்றீங்க. எவனாவது மெமோ குடுத்தானா?"



அவளைப் பேக்கிங்குக்கு மாற்றினார்கள். நாள் முழுக்க அட்டைப்பெட்டி தூக்குகிற வேலை, தண்டனைதான். ஆனால் வியாழக்கிழமை, பழைய லைன் பக்கமிருந்து மணிச்சத்தம் கேட்டது. கயிற்றை இழுத்தவள் ரோஷன் பீ. ஏழு வருஷத்தில் முதல் தடவையாக அவள் தனக்காகப் போயிருந்தாள். அடுத்த வாரம் இன்னும் மூன்று பேர் இழுத்தார்கள். மாசக் கடைசிக்குள் லைனுக்கு ஒருத்தியாக ரிலீவர்கள் வந்தார்கள். ரோஷன் பீக்கும் மாற்று ஆள் போட்டார்கள்.

நோட்டீஸ் போர்டில் அதை 'நிர்வாகத்தின் நலத்திட்டம்' என்று ஒட்டியிருந்தார்கள். ரஞ்சிதா இரண்டு தடவை படித்தாள். கிட்னியில் தழும்பு விழுந்துவிட்டது என்று போன வாரம்தான் ஸ்கேனில் தெரிந்திருந்தது. அது எந்த நோட்டீஸிலும் இல்லை.

மோகன்குமார் போனில் கேமராவைத் திறந்துகொண்டு வந்தார். "ரஞ்சிதா, இங்க வந்து நில்லும்மா. பயனடைந்த ஊழியர்னு ஒரு போட்டோ போடணும்."

"நிக்க மாட்டனுங்க சார்" என்றாள். "வேணும்னா ஸ்கேன் ரிப்போர்ட் தர்றேன், அதை ஒட்டுங்க."

அவர் போனைப் பைக்குள் வைத்துக்கொண்டார். அவள் பாட்டிலைத் திறந்து நின்ற இடத்திலேயே பாதித் தண்ணீரைக் குடித்துவிட்டு, அடுத்த பெட்டியைத் தூக்கக் குனிந்தாள்.