நண்டுக் கறிச் சம்பளம்

எங்கள் அணியில் ஆகக் கூடிய சம்பளம் வாங்குபவன் கஜரூபன், எங்களுக்குக் கஜன். மாதத்துக்கு ஒருமுறை நண்டுக் கறி, பிட்டோடு. அவனுக்கு அடுத்தவன் மத்தியாஸ். அவனுக்கு மட்டன் ரோல்ஸும், தூரத்து ஆட்டங்களுக்கு வீட்டு வாசலிலிருந்து காரில் ஏற்றி இறக்கலும். தோமெக்குக்கு ஞாயிற்றுக்கிழமைப் பயிற்சி கிடையாது. அதுதான் அவன் கேட்ட சம்பளம். மைதானத்தின் வலது கோடியில் நிற்கும் எனக்குப் பால் தேத்தண்ணி. நான் குறை சொல்லவில்லை. பந்து வராத இடத்துக்கு அது நல்ல கூலிதான்.

இதையெல்லாம் தீர்மானிப்பவர் கொறற்றி அன்ரி. டோர்ட்மண்டின் வடக்குப் பக்கம், ரயில் பாதைக்கும் தோட்டக் குடிசைகளுக்கும் நடுவே எங்கள் மைதானம். சங்கத்தின் பெயர் நோர்ட்ஃபால்கன். அதன் இரண்டாவது பேஸ்போல் அணிக்கு அவர்தான் பொறுப்பாளர். பாதிப் பேர் தமிழ்ப் பெடியள், மீதிப் பேர் போலந்து, துருக்கி, ஜெர்மன். பந்தை அடித்துவிட்டு நான்கு மூலையும் சுற்றி ஓடி வரும் இந்த ஆட்டத்தை இந்த நாட்டில் பார்க்க வருபவர்கள் பெரும்பாலும் ஆடுபவர்களின் சொந்தக்காரர்கள்தான்.

அன்ரி மன்னார், பேசாலைப் பக்கம். இந்த ஆட்டத்துக்குள் அவரைக் கொண்டுவந்தவன் மகன் சஞ்சயன். அவனைக் கூட்டிவந்து, குளிரில் காருக்குள் இருந்து, பிறகு காரை விட்டு இறங்கி, பிறகு வேலியோரம் நின்று, பிறகு வேலிக்கு உள்ளே வந்து, கடைசியில் நடுவரோடு சண்டை பிடிக்கும் அளவுக்கு அவர் ஆட்டத்தைப் படித்துவிட்டார். சஞ்சயன் ஹம்புர்க்குக்குப் படிக்கப் போய்விட்டான். தாய் போகவில்லை.

அவருடைய கணவர் சூசைதாசன் லொறி ஓட்டுகிறவர். கிழமையில் பாதி நாள் நெடுஞ்சாலையில். ஒருமுறை வந்து ஒரு முழு ஆட்டத்தையும் இருந்து பார்த்தார்.

"என்னடியப்பா விளையாட்டு இது? அடிச்சுப்போட்டு உயிரை விட்டு ஓடுறான். ஓடிப் போய் எங்க நிக்கிறான்? துவங்கின இடத்திலதானே!"

"நீங்களும் பிரான்சுக்கு ஓடிப் போயிட்டுத் துவங்கின இடத்துக்குத்தானே வாறியள்," என்றார் அன்ரி. அதற்குப் பிறகு அவர் ஆட்டத்தைப் பற்றி வாய் திறந்ததில்லை.

அன்ரிக்கு வேலை, முதியோர் இல்லம் ஒன்றின் சமையலறையில். அங்கே ஆட்களுக்கான வேலைநேர அட்டவணை, Dienstplan, அன்ரியின் கையில். யார் யாரோடு ஒரே அடுப்பில் நிற்கமாட்டார்கள், யாருடைய பிள்ளைக்குத் திங்கட்கிழமைகளில் மட்டும் காய்ச்சல் வரும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். அணியையும் அப்படித்தான் நடத்தினார். ஒருவனுக்கு என்ன கொடுத்தால் அவன் மழையிலும் வருவான் என்பதைக் கண்டுபிடித்து, அதை மட்டும் கொடுப்பார். காசு கொடுக்கச் சங்கத்திடம் காசும் இல்லை.

கஜரூபனின் நண்டுக்கு ஒரு காரணம் உண்டு. அவன் வீட்டில் தாய் ஜெயமலர் வெள்ளி, செவ்வாய், சதுர்த்தி, கார்த்திகை என்று மரக்கறிதான். மீதி நாட்களிலும் நண்டு அந்த வீட்டு வாசல்படி ஏறியதில்லை. அதனால் இந்தச் சம்பளம் அன்ரியின் குசினியிலேயே கொடுக்கப்பட்டு அங்கேயே தின்று முடிக்கப்படும். தாய்க்குத் தெரியாது.

ஒக்டோபரில் மைதானத்தைப் பூட்டுவார்கள். விளையாட்டு முடிந்ததும் கதை தொடங்கும். கதையின் தலைநகரம் சரளா அக்காவின் கடை; அரிசி மூட்டைகளுக்குப் பக்கத்தில் இரண்டு கதிரைகள். அதில் ஒன்று விமலநாதன் அண்ணையுடையது. ஓய்வுபெற்ற தபால்காரர். தம்பி கனடாவில் இருப்பதால் அமெரிக்கக் கண்டத்துப் பேஸ்போல் முழுவதும் அவருக்குத் தெரியும். ஆட்டங்கள் நடக்கும்போது இங்கே எல்லோரும் நித்திரை. அதனால் அவர் ஒரு ஆட்டமும் பார்த்ததில்லை. அவருக்குப் பிடித்தது குளிர்காலம்தான். எந்த அணி எவனை யாருக்குக் கொடுத்து எவனை வாங்கும், எவனுக்கு எத்தனை மில்லியன்.

"ஒரு பந்தெறியிறவனுக்குக் குடுக்கிற சம்பளத்தில வவுனியாவை வாங்கலாம்," என்பார்.

"வாங்கி?" என்பார் சரளா அக்கா. "அண்ணை, முதல் அந்தத் தேத்தண்ணிக் காசைத் தாங்கோ."

இந்த நவம்பரில் அவர் கனடாக் கதையை விட்டுவிட்டு எங்கள் கதைக்கு வந்தார்.

"கஜன் போறான்," என்றார். "எழுதி வையுங்கோ."

அன்ரி உறைந்த மீன் பெட்டிக்குள் குனிந்து நின்றார். நிமிரவில்லை. "எங்க?"

"எஸ்ஸன் பக்கத்து அணிக்கு. அவங்கட பயிற்சியாளரோட ஸ்டேசன் பேக்கரியில இருந்து கதைச்சவன். என்ர கண்ணால கண்டனான். காரை விக்கப் போட்டிருக்கிறான். தாய் பெரிய சூட்கேஸ் வாங்கியிருக்கிறா. இதுக்கு மேல என்ன வேணும்?"

"எஸ்ஸனுக்கு ஏன் அண்ணை சூட்கேஸ்? அரை மணித்தியாலப் பயணம்," என்றார் சரளா அக்கா.

"அவங்கள் தொழில் பழக Ausbildung இடம் எடுத்துக் குடுக்கினமாம், அறையும் குடுக்கினமாம். இஞ்ச என்ன குடுக்கினம்? ரோல்ஸ்!" அவருக்கு நண்டைப் பற்றித் தெரியாது. "பிள்ளை கொறற்றி, நான் சொல்லுறதைக் கேள். சும்மா விடாத. அவனைக் குடுத்துட்டு அவங்கட ரெண்டு பேரை வாங்கு. ஒண்டுக்கு ரெண்டு. லாபம்."

அன்ரி ஒரு நண்டுப் பொதியை எடுத்துப் பார்த்தார். வைத்தார். மறுபடி எடுத்தார்.

கஜன் போனால் என்ன ஆகும் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். அவன் எறிய, மத்தியாஸ் பிடிப்பான். அவன் இல்லாவிட்டால் மத்தியாஸும் நிற்கமாட்டான். இரண்டு பேரும் போனால் ஒன்பது பேர் தேறமாட்டோம். மாத முடிவுக்குள் அடுத்த பருவத்துக்கான பெயர்களைக் கொடுக்காவிட்டால் இரண்டாவது அணியைக் கலைத்துவிடுவோம் என்று சங்கம் சொல்லிவிட்டது. மைதானத்தில் எங்கள் நேரத்தைக் கேட்டு வேறொரு கூட்டம் காத்திருந்தது.

"கஜனிடம் கேட்டால் முடிந்ததே," என்றான் மத்தியாஸ், அவனுடைய ஜெர்மன் மொழியில், ஜெர்மன்காரனுடைய எளிமையோடு.

அன்ரி அவனைப் பார்த்த பார்வையில் இரக்கம்தான் இருந்தது. எனக்குத் தமிழில் சொன்னார்: "போற பிள்ளையைப் பாத்து, எங்க போறாய் எண்டு கேக்கிறதோ? கேட்டாப் போற காரியம் உருப்படுமோ? அவனுக்கு ஒரு நல்லது வருகுதெண்டா என்ர வாயால அது கெட வேண்டாம்."

இதை நான் மத்தியாஸுக்கு மொழிபெயர்க்கப் பார்த்தேன். புறப்படுகிறவனிடம் எங்கே என்று கேட்கக்கூடாது என்றேன். "பிறகு எப்படி உங்கள் ஆட்கள் ஒருவரையொருவர் கண்டுபிடிக்கிறீர்கள்?" என்று கேட்டான்.

கேட்க முடியாத அன்ரி, சம்பளத்தைக் கூட்டினார். சனிக்கிழமை காலையில் நண்டுக் கறி கொதித்தது; வழமையைவிட இரண்டு மடங்கு. குசினிக்குக் கூப்பிட்டால் கேட்பது போல் ஆகிவிடும். அதனால் கறியை வனிலா ஐஸ்கிறீம் டப்பா ஒன்றில் ஊற்றி, மூடி, துவாயால் சுற்றி, விமலநாதன் அண்ணையிடம் கொடுத்தார். "கஜன்ர கையில குடுங்கோ. வேற ஒருத்தரிட்டையும் வேண்டாம்."

அன்றைக்குக் கந்தசஷ்டியின் ஐந்தாம் நாள். கத்தோலிக்கரான அன்ரியின் நாட்காட்டியில் அது இல்லை. விமலநாதன் அண்ணைக்குச் சஷ்டி தெரியும், டப்பாவுக்குள் இருப்பது தெரியாது. வாசம் வரவில்லையா என்று பிறகு கேட்டதற்கு, "தபால்காரன் உறைக்கு வெளியில உள்ளதைத்தான் வாசிப்பான்," என்றார்.

கஜன் வீட்டில் இல்லை. ஜெயமலர் கதவைத் திறந்தார்.

அன்று பின்னேரம் அன்ரியின் வீட்டில் நானும் மத்தியாஸும் இருந்தோம். பெயர்களைச் சரிபார்க்க என்று கூப்பிட்டிருந்தார். முதலாவது பெயர் எழுத வேண்டிய இடத்தை விட்டுவிட்டு மற்றவற்றை எழுதிக்கொண்டிருந்தோம். மணி அடித்தது. அடித்தபடியே இருந்தது.

ஜெயமலர் உள்ளே வந்தார். நெற்றி நிறையத் திருநீறு, ஒரு கையில் ஐஸ்கிறீம் டப்பா, உடம்பிலிருந்து தள்ளி, தீப்பிடித்த பொருளைப் பிடிப்பதுபோல். பின்னால் கஜன், சப்பாத்தைக் கழற்றலாமா ஓடலாமா என்று யோசித்தபடி.

"ஐஞ்சு நாளாப் பாலும் பழமும், அக்கா. ஐஞ்சு நாள்! முருகனுக்கு விளக்கேத்திப்போட்டு வந்து மூடியைத் திறக்கிறன், ஒரு கால் என்னைப் பாத்துக் கையைக் காட்டுது!"

அன்ரி எழுந்தார்; இருந்தார்; எழுந்தார். "ஐயோ ஜெயமலர் அக்கா. மாதாவாண, எனக்குச் சஷ்டி எண்டு தெரியாது."

"சஷ்டி கிடக்கட்டும். குளிச்சாச்சு, வீடு கழுவியாச்சு, முருகன் பொறுப்பார். நான் பொறுக்கமாட்டன். என்ர பிள்ளையைத் தள்ளிவிட்டுட்டு, எங்கட வாயை மூடப் பண்ண நண்டோ?"

"தள்ளி விடுறதோ? ஆரை?"

"விமலநாதன் அண்ணை சொன்னவர், வாசல்ல நிண்டு. இவனை எஸ்ஸனுக்குக் குடுத்துட்டு அங்கத்த ரெண்டு பேரை வாங்கப் போறியளாம். நல்ல லாபமாம். மாடு மாத்துறதோ இது?" குரல் கொஞ்சம் தளர்ந்தது. "அதுசரி. ரெண்டு பேர்தானோ? என்ர பிள்ளைக்கு ரெண்டு பேர்தானோ பெறுமதி?"

அன்ரி கஜனைப் பார்த்தார். நாட்கணக்காகக் கேட்காமல் வைத்திருந்த கேள்வி அவருடைய முகத்தில் வந்து நின்றது.

"தம்பி. போறியோ?"

"எங்க, அன்ரி?"

"எஸ்ஸனுக்கு."

"இல்லையே. அவர் வந்து கேட்டவர்தான். அண்டைக்கே ஏலாது எண்டு சொல்லிப்போட்டன்."

"சொல்லிப்போட்டியோ? பிறகேன் எங்களிட்டைச் சொல்லேல்லை?"

"ஒருத்தரும் கேக்கேல்லையே!"

மத்தியாஸ், மொழி தெரியாமலேயே நிலைமை புரிந்தவன்போல், சோபாவில் நன்றாகச் சாய்ந்துகொண்டான்.

"அப்ப கார்?" என்று அன்ரி கேட்டார். ஒருமுறை கேட்கத் தொடங்கியபின் நிறுத்த அவரால் முடியவில்லை.

"TÜV சோதனையில ரோட்டில ஓட விடமாட்டம் எண்டுட்டாங்கள். துரு."

"சூட்கேஸ்?"

"அது எனக்கு," என்றார் ஜெயமலர், திடீரென்று வெட்கப்பட்டு. "தங்கச்சியின்ர மகளுக்குக் கலியாணம், தையில, கனடாவில. போய்ச் சேருமட்டும் சொல்லக்கூடாது எண்டு இருந்தன். கண்ணூறு. உங்களுக்குத் தெரியுந்தானே."

"தெரியும்," என்றார் அன்ரி. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள். ஜெயமலர் அப்போதும் டப்பாவைத் தூரத்தில்தான் பிடித்திருந்தார். நான் எழுந்து அதை வாங்கிக் குசினியில் வைத்தேன்.

"ஏனடா மாட்டன் எண்டனி?" தாய் மகனிடம் கேட்டார். "அறையும் தருவினமாமே."

கஜன் மத்தியாஸைப் பார்த்தான். "அங்க பிடிக்கிறவனை எனக்குத் தெரியாது அம்மா. இவனுக்கு நான் என்ன பந்து எறியப்போறன் எண்டு நான் யோசிக்க முன்னம் தெரியும். பிழையா எறிஞ்சாலும் பிடிச்சுப்போட்டு நல்ல பந்து மாதிரி முகத்தை வைச்சிருப்பான்."

நான் அதை மொழிபெயர்த்தேன். மத்தியாஸின் காது சிவந்தது. "இந்த வருடம் நிறையப் பிழையாக எறிந்தான்," என்றான்.

ஜெயமலர் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். கோபத்தில் வந்தவர் இருப்பதுபோல் அல்ல, வியாபாரத்துக்கு இருப்பவர்போல். "சரி. இனிமேல் இவனைப் பற்றிக் கதைக்கிறதெண்டா என்னோட கதையுங்கோ. கடையில இல்லை. நண்டு எவ்வளவு காலமா நடக்குது?"

அன்ரி கூரையைப் பார்த்தார். கஜன் சப்பாத்தைப் பார்த்தான்.

"விளங்குது. கேளுங்கோ. சஷ்டி முடியிறவரைக்கும் இவன் மச்சம் தொடமாட்டான். அதுக்குப் பிறகும் வெள்ளி, செவ்வாய் ஏலாது."

"ஓம் அக்கா. மற்ற நாள்?"

"மற்ற நாள் என்ர வாசலுக்கு வெளியில நடக்கிறது எனக்குக் கண் தெரியாது. வெள்ளிக்கிழமைப் பயிற்சியும் ஏலாது, கோயிலுக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போக வேணும். கார் இல்லாட்டி பஸ்ஸில."

அன்ரி யோசித்தார். அந்த யோசனையைப் பார்க்க நன்றாயிருந்தது. சமையலறை அட்டவணையில் ஒருவரை நகர்த்தி இன்னொருவரை வைக்கும்போது அவர் முகம் அப்படித்தான் இருக்கும். "வெள்ளி ஏலாதெண்டா வியாழன். தோமெக்கிட்டக் கேக்கிறன்." கேட்கிறேன் என்ற சொல்லை இப்போது அவர் சுலபமாகச் சொன்னார். "வேற?"

"வேற ஒண்டுமில்லை."

"என்ன பேசுகிறார்கள்?" என்று மத்தியாஸ் என்னிடம் ஜெர்மனில் கேட்டான். கஜன் முந்திக்கொண்டான். "Vertragsverlängerung. என்னுடைய ஒப்பந்தத்தை நீட்டிக்கிறார்கள். நான் வெளியில் போய் நிற்கட்டுமா என்று யோசிக்கிறேன்."

அன்ரி வெறுமையாய் விட்டிருந்த முதலாவது வரியில் கஜரூபன் என்று எழுதினார். அழுத்தி எழுதினார். பிறகு ஜெயமலருக்குச் சூடான பாலும், வாழைப்பழம் இரண்டும் கொண்டுவந்து வைத்தார். புதிய பால் பெட்டி, அவர் கண்முன்னாலேயே வெட்டித் திறந்தது, கோப்பையும் புதிது. ஜெயமலர் அதைக் கவனித்தார். குடித்தார்.

"ஆட்டம் எப்ப துவங்கும்?" என்றார் பாதிக் கோப்பையில்.

"சித்திரையில அக்கா."

"நான் ஒருநாளும் வந்து பாக்கேல்லை. உந்தக் குளிருக்குள்ள பிள்ளையள் என்னத்தை எறியுதுகள் எண்டு. அங்க இருக்கிறதுக்குக் கதிரை கிடக்கோ?"

"இல்லை அக்கா. வீட்டிலயிருந்துதான் கொண்டுவர வேணும்."

"கொண்டுவாறன்," என்றார் ஜெயமலர். பிறகு கொஞ்சம் யோசித்து, "ரெண்டு கொண்டுவாறன். அந்த விமலநாதன் அண்ணையையும் பக்கத்தில இருத்த வேணும். அந்தாள் முதல் ஒரு ஆட்டத்தைப் பாக்கட்டும், பிறகு கதைக்கட்டும்."