மாடி தனி வீடா?

போன வியாழக்கிழமை காலையில் பக்கத்து வீட்டு மாடியில் தேங்காய் மட்டை அடுக்கிக்கொண்டிருந்தேன். எதற்கு என்று கேட்கிறீர்களா? வீட்டு வரிக்காக!

நகராட்சியில் பட்ஜெட் போடும் நேரம். இந்த முறை வரி ஏறப்போகிறதாம்... வீடு வீடாக வந்து அளப்பார்களாம்... மாடிக்குத் தனிப் படியும் தனி அடுப்படியும் இருந்தால் இரண்டு வீடாக எழுதிவிடுவார்களாம். தெரு வாட்ஸ்அப் குரூப்பில் யாரோ போட்ட வாய்ஸ் மெசேஜ். நிஜமா என்று கேட்கலாம் என்றால், காரைக்காலில் கவுன்சிலர் தேர்தல் நடந்தே எத்தனையோ வருஷமாகிறது. யார் வாசலில் போய் நிற்பது?

பக்கத்து வீட்டு நூர்ஜஹான் அக்காவுக்கு, லாத்தா என்றுதான் கூப்பிடுவேன், சோறே இறங்கவில்லை. அவர் வீட்டுக்காரர் ஷார்ஜாவில் உழைத்து அனுப்பியதையெல்லாம் கொட்டி எழுப்பிய மாடி அது. மகள் ஷிஃபானாவுக்கு. அவர்கள் வழக்கத்தில் பெண்ணுக்கு வீடு கொடுத்துத்தான் கல்யாணம். மாப்பிள்ளை இங்கே வந்து இருப்பார். நாகூரிலிருந்து மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் வந்து பெண்ணைப் பார்த்தாகிவிட்டது. வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்து ஆண்கள் வந்து வீட்டைப் பார்ப்பதுதான் பாக்கி.

"ரெண்டு வூட்டு வரி போட்டா நான் எங்க புள்ள போவேன்? அவங்களுக்கு அங்க வேலையே ஆட்டம் கண்டுகிட்டிருக்கு" என்றார் லாத்தா.

என் வாய் சும்மா இருக்குமா? "மாடிய குடோன் மாதிரி ஆக்கிடுவோம் லாத்தா. அளக்க வந்தா, சாமான் போடுற எடம்னு சொல்லிடலாம்" என்றேன். மட்டை, உடைந்த ஃபேன், கால் போன கட்டில் எல்லாம் மேலே ஏறின. பளபளவென்றிருந்த அடுப்படி மேடைமேல் பழைய சாக்கை விரித்தோம்.

இறங்கி வந்தால் வாசலில் இரண்டு பேர். ஒருவர் வெள்ளைச் சட்டை. இன்னொருவர் கையில் டேப்! அளக்க வந்தேவிட்டார்கள்!

வெள்ளைச் சட்டை சலாம் சொன்னார். லாத்தா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு பதில் சலாம் சொன்னார். டேப்காரர் மாடிப்படியின் அகலத்தை அளக்க ஆரம்பித்துவிட்டார்.

"மாடி தனி வூடுதானே?"

"தனி வூடா? யாரு சொன்னா! மழை பேஞ்சா ஒழுகும்ங்க. மட்டைதான் கெடக்கு" என்றார் லாத்தா.

"அடுப்படி?"

"அதெல்லாம் இல்லவே இல்லைங்க."

வெள்ளைச் சட்டையின் முகம் சுருங்கியது. "பொண்ணுக்கு இந்த மாடியத்தானே குடுக்குறதா பேச்சு?"

இது நகராட்சிக்கு எப்படித் தெரியும் என்று யோசிக்க வேண்டாமா? பயந்தவளுக்கு ஏது யோசனை! வீட்டை மகள் பெயருக்கு மாற்றினால் அதற்கும் ஏதாவது வரி போட்டுவிடுவார்களோ என்று நான் முந்திக்கொண்டேன். "பொண்ணுக்காவது, குடுக்குறதாவது! அப்படி ஒரு நெனப்பே இல்லைங்க சார்."

டேப் சர்ரென்று சுருண்டது.

"நான் மாப்புள்ளையோட பெரியத்தாம்மா" என்றார் அவர். மாப்பிள்ளையின் பெரியப்பா! "இவரு ஏசி மெக்கானிக். மாப்புள்ள ஏசி வாங்குறாரு. எந்தச் செவுத்துல மாட்டலாம்னு பாக்க ஒரு நாள் முன்னாடியே வந்தோம்."

"யா அல்லாஹ்!" என்று லாத்தா படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

வரிக்குப் பயந்து சொன்னதைத் திக்கித் திணறி விளக்கினேன். பெரியத்தா கத்தியிருந்தால்கூடத் தேவலை. நிதானமாகச் சொன்னார்: "வரிக்காரன்னு நெனச்சுச் சொன்னது பொய்யா, மொதல்ல எங்கள்ட்ட சொன்னது பொய்யா... எங்களுக்கு எப்படிம்மா தெரியும்? நாளைக்கு எல்லாரும் வர்றோம்."

மட்டையை இறக்கினோம். மாடியைக் கழுவிவிட்டோம். ஷிஃபானா என் முகத்தைப் பார்க்கவே இல்லை. ஒரு பெண்ணின் கல்யாணத்தை என் வாயே கெடுத்துவிட்டதே என்று எனக்கு அழுகை அழுகையாக வந்தது.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து வந்தார்கள். பெரியத்தா மாடியை ஒவ்வொரு அறையாகப் பார்த்துவிட்டுக் கீழே இறங்குகிறார்... வாசலில் ஒரு குரல். "அம்மா, முனிசிபாலிட்டிலேர்ந்து வர்றோம்."

கழுத்தில் அடையாள அட்டை. இந்த முறை சந்தேகமே இல்லை!

"மாடி தனி வீடாம்மா?"

பெரியத்தா லாத்தாவைப் பார்த்தார். ஷிஃபானாவும் பார்த்தாள். லாத்தா என் பக்கம் திரும்பவே இல்லை — நல்லவேளை.

"தனி வூடுதாங்க" என்றார், தெருவுக்கே கேட்கும்படி. "தனிப் படி, தனி அடுப்படி. எம்மவ வூடு. நல்லா எழுதிக்குங்க."

பெரியத்தா மெக்கானிக்குக்கு போன் போட்டார். "கெழக்குச் செவுத்துலயே மாட்டிடலாம்ப்பா."

வரி எவ்வளவு வரும் என்று இன்னும் தெரியவில்லை. லாத்தாவின் கவலையும் தீரவில்லை. ஆனால் ராத்திரிச் சாப்பாடு இறங்கியதாகச் சொன்னார்.

அடையாள அட்டைக்காரர் அங்கிருந்து நேராக எங்கள் வாசலுக்கு வந்து, தனிப் படி வைத்த எங்கள் மாடியை அண்ணாந்து பார்த்தார். மகளைப் பெற்றவர் உண்மையைச் சொல்லிவிட்டார்... ரெண்டும் பையன்களாகப் பெற்ற நான் எதற்காகச் சொல்வது?