தண்ணீர் கேட்டு வீடு தேடியவர்

நான் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன். தேனியில் முள்ளுக்காடாகக் கிடந்த இடத்தை வெட்டி, மூன்று தெருவும் பதினாறு வீடும் உண்டாக்கியவன் நானே.

செல்போன் வந்த புதிதில், மாற்றலாகி வந்த ஒல்லியான பேங்க் கிளார்க் ஒருவர் வாடகைக்கு வீடு கேட்டார். சொந்த ஊரில் காலனித் தெருவில் பிறந்தவன் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். எந்தத் தெருவிலும் வீட்டைப் பார்க்கும் முன் தண்ணீர் வாங்கிக் குடிப்பார்.

"வீடு எப்படியும் இருக்கட்டும்ணே. தண்ணிய எதுல தர்றாகன்னு பாத்துட்டுத்தான் குடிவருவேன்."

"நம்ம தெருவுல அந்தப் பேச்சே கெடையாது, வாங்க சார்" என்று என் வீட்டுக்கே கூட்டிவந்தேன். என் மனைவி எனக்குச் சில்வர் டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்தாள், அவருக்குப் பிளாஸ்டிக் கப்பில்.

மிச்சம் வைக்காமல் குடித்தார். "நல்ல தண்ணிண்ணே" என்று கும்பிட்டுவிட்டுப் போனார். வேலை பார்த்த காலம் முழுக்க, தேனியைவிட்டுத் தள்ளியிருக்கும் வடுகபட்டியிலிருந்து பஸ்ஸில்தான் வந்துபோனார்.

இதற்காக என் மகள் இன்றும் அவள் அம்மாவைத்தான் திட்டுகிறாள். கண்ணைக் காட்டியது நான். அதை என் பேரில்தான் சொல்ல வேண்டும்.