ஒரே வீடு

சுனில்டாவுக்கு ஏழு வயதாக இருந்தபோது அவளுடைய அப்பா அவளை யூத்தி ஊரிலிருந்து விறகில் ஓடும் ரயிலில் தலைநகர் அசுன்சியோனுக்குக் கூட்டி வந்து, வழக்கறிஞர் ரெகால்தேயின் வீட்டு வாசலில், கால் கட்டிய ஒரு கோழியோடு சேர்த்து ஒப்படைத்தார். கோழி அன்பளிப்பு. பெண் வளர்ப்புப் பிள்ளை. பராகுவேயில் இது ஊரறிந்த வழக்கம். ஏழை வீட்டுப் பெண்ணைப் பெரிய வீட்டில் விடுவார்கள், அவர்கள் சோறு போட்டுப் படிக்கவைப்பார்கள், அவள் கூடமாட வேலை செய்வாள். அந்தக் 'கூடமாட'வுக்குள் துவைப்பது, துடைப்பது, சமைப்பது, இஸ்திரி போடுவது, தோட்டத்துப் பாம்பை அடிப்பது எல்லாம் அடக்கம். கோழி அன்றைக்கே குழம்பாகிவிட்டது. அது கொடுத்துவைத்தது.

வீட்டு அம்மாள் டோனா நிமியா கெட்டவள் இல்லை ('டோனா' என்பது எஜமானியம்மாளுக்குக் கொடுக்கும் மரியாதை). அப்படிச் சொன்னால் கதை சுலபமாக இருக்கும், ஆனால் உண்மையாக இருக்காது. காலையில் சுனில்டா கைகூப்பி, "ஆசீர்வாதம் பண்ணுங்க மத்ரீனா" என்பாள். மத்ரீனா என்றால் ஞானத்தாய். டோனாவும் நெற்றியில் சிலுவை போட்டு ஆசீர்வதித்துவிட்டு, "போய்க் கழிவறையைக் கழுவு" என்பாள். மூன்றாம் வகுப்போடு படிப்பு நின்றது. வந்தவர்களிடமெல்லாம் டோனா, "இவ எங்க வீட்டுப் பொண்ணு மாதிரி" என்று சொல்வாள். இந்த 'மாதிரி' என்ற சொல்லை யார் கண்டுபிடித்தார்களோ, அவர்களைக் கூப்பிட்டு நாலு கேள்வி கேட்கவேண்டும்.

சாப்பாட்டு மேசைப் பக்கம் சுனில்டா தன் தாய்மொழியான குவரானியைப் பேசினால் அறை விழும். அது சந்தைக்காரிகளின் மொழியாம், பெரிய வீட்டில் ஸ்பானியம்தான். ஆனால் டோனாவின் ஒரே மகள் மிர்த்தா பிறந்தது முதல் வளர்ந்தது சுனில்டாவின் இடுப்பில். பின்கட்டில், துணி காயும் கொடிகளுக்கு நடுவே, அந்தக் குழந்தைக்குக் குவரானி தானாக வந்தது. ஒரு சொல்லில் மட்டும் தடுக்கி விழுந்தது.

நம்மைப் போலவே அவர்களுக்கும் 'நாம்' வேறு, 'நாங்கள்' வேறு. கேட்பவரையும் சேர்த்துக்கொண்டால் 'ஞாந்தே'. கேட்பவரை வெளியே நிறுத்தினால் 'ஒரே'. தமிழ்க் காதுக்கு அது ஏதோ ஒற்றுமைச் சொல்போல ஒலிக்கும், ஏமாந்துவிடக்கூடாது. ஸ்பானியத்தில் இரண்டுக்கும் ஒற்றைச் சொல்தான் என்பதால் குழந்தை குழம்பியது.

"சுனி, ஒரே வீட்டுல பூனை குட்டி போட்டிருக்கு!"

"அடி போக்கிரி, உங்க வீடா? அப்ப நான் யாரு, பக்கத்து வீட்டுக்காரியா? ஞாந்தே வீடுன்னு சொல்லு கண்ணு. நம்ம வீடு."

"நம்ம வீடு," என்று குழந்தை திருப்பிச் சொல்லி அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டது. சுனில்டாவுக்கு அப்போது பதினேழு வயது. அந்தப் பிடியிலேயே மீதி ஆயுள் போய்விட்டது.

மிர்த்தா பாடம் ஒப்பிக்கும்போது இவள் இஸ்திரி போடுவாள். தன் நாட்டை அவள் தெரிந்துகொண்டது அப்படித்தான். ஆறு நாட்டை இரண்டாகப் பிரிக்கிறது, கிழக்கே செம்மண்ணும் காடும் மக்களும், மேற்கே சாக்கோ எனும் முள்காட்டு வெளி, நாட்டில் பாதிக்கு மேல் அதுதான், ஆனால் ஆள் நடமாட்டம் குறைவு, கடல் கிடையாது.

"கடல் இல்லாட்டி என்ன, உங்கம்மா போடற அழுக்குத் துணி இருக்கே, கரையே தெரியல," என்பாள் சுனில்டா. இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள்.

அப்பாரிசியோ என்ற பேருந்து ஓட்டுநர் அவளைக் கட்டிக்கொள்ளக் கேட்டார். மாலையில் வேலிக்கு வெளியே நின்று, மூலிகை போட்ட குளிர்ந்த தெரெரே பானத்தை இவள் ஊற்றிக் கொடுக்க, ஒரே குழலில் மாறி மாறி உறிஞ்சுவார்கள்.

"நம்ம வீட்டுல இப்ப ஆளில்ல. மிர்த்தா பல் டாக்டருக்குப் படிக்கிறா. அவ பரீட்சை முடியட்டும்," என்றாள்.

அவர் சிரித்தார். "நம்ம வீடா? உனக்கும் எனக்கும் இன்னும் வீடே கட்டலையே, சுனி!"

வெளியாளிடம் 'ஒரே' என்று சொல்லியிருக்கவேண்டும். பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்தவள் தானே தடுக்கினாள். பரீட்சை முடிந்தது, அடுத்த பரீட்சை வந்தது, அப்பாரிசியோ வேறொருத்தியைக் கட்டிக்கொண்டார்.

மிர்த்தா மணமாகித் தனிக்குடித்தனம் போனாள். வழக்கறிஞர் இறந்தார். டோனா நிமியா பக்கவாதத்தில் விழுந்து வருடக்கணக்கில் கிடந்தாள். ஊட்டியது, கழுவியது, புரட்டிப் படுக்கவைத்தது எல்லாம் சுனில்டா. வாய் கோணிப்போன பிறகு டோனாவுக்கு ஸ்பானியம் மறந்து, பேசக்கூடாதென்று தான் அடித்துத் தடுத்த குவரானிதான் மிஞ்சியது. அதைப் புரிந்துகொள்ள வீட்டில் ஒருத்திதான் இருந்தாள்.

டோனா இறந்தபோது சுனில்டா அறுபதைத் தாண்டியிருந்தாள். போக இடமில்லை. அவளுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று: சமையலறைக்குப் பின்னால் தான் படுத்த அந்தச் சின்ன அறை. வீட்டை விற்றாலும் மிர்த்தா தன்னோடு கூட்டிப்போவாள் என்று மனதுக்குள் உறுதியாக இருந்தாள். கேட்கவில்லை. சொந்தப் பிள்ளையிடம் யாராவது கேட்பார்களா?

ஒன்பது நாள் ஜெபம். கடைசி நாளுக்கு மரவள்ளி மாவும் பாலாடைக்கட்டியும் பிசைந்து, களிமண் அடுப்பில் கூடை கூடையாகச் சீப்பா ரொட்டி சுட்டாள். ஜெபம் முடிந்ததும் எதிர்வீட்டு பெர்லா அம்மாள் மிர்த்தாவிடம் வாயைக் கிளறினாள்.

"வீட்டை என்ன பண்ணப் போறீங்க?"

"நாங்க வித்துடலாம்னு இருக்கோம்," என்றாள் மிர்த்தா. 'ஒரே' என்றுதான் சொன்னாள். தட்டோடு நின்ற சுனில்டாவுக்கு உள்ளம் குளிர்ந்தது. பெர்லா வெளியாள், அவளிடம் அப்படித்தான் சொல்லவேண்டும். அந்த 'நாங்க'வுக்குள் தானும் இருக்கிறோம் என்று எண்ணிக்கொண்டாள்.

எல்லோரும் போனபிறகு மிர்த்தா சமையலறைக்கு வந்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டு, இவள் கையைப் பிடித்துக்கொண்டாள். இருவருக்குமான குவரானியில்தான் பேசினாள்.

"சுனி, ஒரே வீட்டை விலை பேசியாச்சு. இடிச்சுட்டு அடுக்குமாடி கட்டப் போறாங்க."

சுனில்டா முதலில் சிரித்தாள். "இன்னும் உனக்கு அது வரல பாரு. 'ஞாந்தே'ன்னு சொல்லு கண்ணு."

மிர்த்தா சிரிக்கவில்லை. "ஒரே ரொம்ப யோசிச்சோம். ஒரே ஃபிளாட்டு சின்னது, உனக்கே தெரியும். யூத்தியில உனக்குத் தம்பி இருக்கார் இல்ல? உன் மண்ணு, உன் ஜனங்க. நிம்மதியா இருப்ப."

இலக்கணம் அப்பழுக்கில்லாமல் இருந்தது. அதுதான் தாங்கமுடியவில்லை.

ரயில் நின்று வருடங்களாகிவிட்டதால் பேருந்தில் போனாள். யூத்திக்கு வெளியே காடு இருந்த இடமெல்லாம் அடிவானம்வரை சோயா வயல். தம்பி செல்சோ மரியாதையாகத்தான் வரவேற்றான். இவள் ஊரைவிட்டுப் போன வருடத்துக்கு அடுத்த வருடம் பிறந்தவன், அக்கா என்று கூப்பிட அவனுக்கு நாக்கு கூசியது. அவனும் மனைவியும் பிள்ளைகளும் பலாமரத்தடியில் வட்டமாக உட்கார்ந்து தெரெரே குடிக்கும்போது பழங்கதை பேசுவார்கள்.

"ஒரே அந்த வறட்சியில வெறும் மரவள்ளிக்கிழங்கையே அவிச்சுத் தின்னோம். உனக்கென்ன, நீ பட்டணத்துல பெரிய வீட்டுல வளர்ந்தவ," என்பான் செல்சோ. குத்துவதற்காகச் சொன்னதில்லை. அவன் சொன்னதும் சரியான இலக்கணம்தான்.

அதற்குப் பிறகு சுனில்டா ஸ்பானியம் பேச ஆரம்பித்தாள். தண்ணீர் கேட்பதும் ஸ்பானியத்தில், கோழியை விரட்டுவதும் ஸ்பானியத்தில். "சீமாட்டி வந்துட்டா," என்று ஊரில் கேலி பேசினார்கள். பேசட்டும். அந்த மொழியில் இருப்பது ஒரே ஒரு 'நாம்'. அதில் யாரும் யாரையும் வெளியே நிறுத்த முடியாது.

டோனாவின் முதல் நினைவுநாள் நெருங்கியபோது செல்சோவின் கைபேசியில் மிர்த்தா கூப்பிட்டாள். குரலில் அதே பழைய குழைவு.

"சுனி, அம்மாவுக்கு ஜெபம் வைக்கணும். ரெண்டு நாள் முன்னாடியே வந்துடு. ஞாந்தே சேர்ந்து சீப்பா சுடுவோம். உன் கைப்பக்குவம் யாருக்கு வரும்? ஞாந்தே வீட்டு விசேஷம் இல்லையா?"

சுனில்டாவுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. அந்த வயதில் வரும் ஆத்திரத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது? பிறகு ஸ்பானியத்தில், வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் பேசுவதுபோல் சொன்னாள்:

"மன்னிக்கணும், டோனா மிர்த்தா. நீங்க வேற ஆளைப் பார்த்துக்குங்க. எனக்கு இங்க வேலை இருக்கு."

"என்ன சுனி இது, டோனாங்கற, நீங்கங்கற? நான் உன் மிர்த்தா!"

"உங்கம்மாவுக்காக நானும் ஜெபம் பண்ணிக்கறேங்க," என்று சொல்லிவிட்டுக் கைபேசியைத் தம்பியிடம் நீட்டினாள்.

வேலை ஒன்றும் இல்லை. செல்சோவின் மனைவி அவளைச் சமையலறைப் பக்கம் விடுவதில்லை. சுனில்டா பலாமரத்தடிக்குப் போய், வட்டத்தைவிட்டுக் கொஞ்சம் தள்ளியிருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள்.