சவுண்டைக் குறைக்கச் சொன்ன டெய்லர்

மூன்று வருஷம் ஆகிறது. தை மாதம். உத்திரமேரூர் ஏரி கரை தளும்ப நின்றிருந்தது, ஊரெல்லாம் கல்யாணம். பஸ் ஸ்டாண்டுக்குப் போகும் தெருவில் பெண்களுக்குத் துணி தைக்கும் கடை என்னுடையது. எட்டுக்கு எட்டு இடம். ஒரு மெஷின், மேஜைக்கடியில் ஒரு பழைய கை மெஷின், ஒரு ஃபேன், சுவர் முழுக்க ஆணியில் தொங்கும் ரவிக்கைகள். காற்றடித்தால் அத்தனையும் சேர்ந்து கையாட்டும்.

பக்கத்துக் கடை பாயுடையது. ஜவுளி. புடவை எடுக்க வரும் பெண்களுக்கு நேரம் போவதே தெரியாது. கூட வரும் ஆண்களுக்குத்தான் தெரியும். அவர்கள் எழுந்து ஓடிவிடாமலிருக்க பாய் ஒரு வழி வைத்திருந்தார். டிவியில் துணிக்கடைக் காமெடிப் படங்களாகப் பார்த்துப் போடுவார். கடையையே புரட்டிப் போட்டுவிட்டுக் கடைசியில் ஒரு கர்சீப் வாங்கும் குடும்பம், ட்ரையல் ரூமில் மாட்டிக்கொள்ளும் மாப்பிள்ளை, வழி தெரியாமல் ஃபேஷன் ஷோ மேடையில் ஏறிவிடும் அப்பாவி. ஆண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். பெண்கள் நிம்மதியாக அடுத்த புடவையைப் பிரிப்பார்கள்.

எனக்கு அந்தப் படங்கள் ஆகாது. எல்லாவற்றிலும் ஒரு டெய்லர் வருவான். பேண்ட் கேட்டால் டவுசர் தைப்பான். கடைசியில் எல்லோரும் சேர்ந்து அவனைத் துரத்துவார்கள். அந்தச் சிரிப்பு சுவரைத் தாண்டி வந்து என் மெஷின் மேல் உட்காரும்.

"அண்ணே, டெய்லர் சீன் வந்தா சவுண்டக் கொறைங்க!" என்று கத்துவேன்.

"சினிமாக்கா அது. உங்கள இன்னா சொன்னாங்க?" என்பார் பாய்.

இருபது வருஷத்துக்கு மேல் தைக்கிறேன், ஒரு ரவிக்கை திரும்பி வந்ததில்லை. அந்தக் கர்வம்.

அந்தத் தையில் பெருநகரில் ஒரு கல்யாணம். எங்கள் பக்கம் முகூர்த்தப் புடவையை மாப்பிள்ளை வீட்டார் எடுப்பார்கள். ரவிக்கையையும் அவர்களே தைத்துத் தட்டில் வைத்துக் கொடுப்பார்கள். பெண்ணையும் கூட்டி வந்து பாய் கடையில் அவர்கள் ஜவுளி எடுத்த அன்று நான் லைனிங் துணி வாங்கக் காஞ்சிபுரம் போயிருந்தேன். பையைப் பாயிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள். உள்ளே ரவிக்கைத் துணி, அரக்குப் பட்டில் ஒன்று, பச்சையில் ஒன்று, அளவுக்கு இரண்டு பழைய ரவிக்கைகள்.

மறுநாள் மாப்பிள்ளையின் அம்மா போன் செய்தார். அரக்கு பெண்ணுக்கு, பச்சை தனக்கு. தனக்குச் சாதாவாகப் போதும். பெண்ணுக்கு மட்டும், பாய் கடை டிவியில் பார்த்த படத்தில் கதாநாயகி ட்ரையல் ரூமிலிருந்து போட்டுக்கொண்டு வந்தாளே, அதே மாதிரி. புஸ்ஸென்று உப்பிய கை, முதுகில் பட்டாம்பூச்சி போல ஒரு பெரிய முடிச்சு. படமும் போனில் வந்துவிட்டது.

அளவு ரவிக்கைகளை மேஜையில் விரித்தேன். ஒன்று ஒல்லி, ஒன்று அகலம். யாருடையது எது என்று சீட்டு இல்லை. போன் கையிலேயே இருந்தது. பெண்ணை நேரில் பார்த்த பாய் சுவருக்கு அந்தப் பக்கம்தான் இருந்தார். இதைக்கூடவா கேட்பார்கள்? ஒல்லி கல்யாணப் பெண்ணுடையது, அகலம் மாமியாருடையது. கத்தரிக்கோலை எடுத்துவிட்டேன்.

கல்யாணத்தன்று காலை ஆறரை மணிக்கு, நான் கடையில் வந்து உட்காரும்போதே போன் அடித்தது. தட்டைப் பிரித்து அப்போதுதான் போட்டுப் பார்த்திருக்கிறார்கள்.

"டெய்லரம்மாவா? பொண்ணுக்கு ஹூக்கு மாட்டல. என்துல ரெண்டு பேரு பூந்துக்கலாம். இன்னாம்மா பண்ணி வச்சிக்கீற?"

முகூர்த்தம் ஒன்பதுக்கு. அந்தப் பெண் எதைப் போட்டுக்கொண்டு மணையில் உட்காருவாள்? கையும் காலும் ஓடவில்லை. கல்யாண சீசன் என்று அந்நேரத்துக்கே கடை திறக்க வந்த பாய் விஷயத்தைக் கேட்டார். ஷட்டரைத் தூக்கவே இல்லை. என் பழைய கை மெஷினை மொபெட்டில் வைத்துக் கயிறு போட்டுக் கட்டினார்.

"குந்துக்கா பின்னால. நம்ம டிவில ஓட வேண்டிய படம், ரோட்டுல ஓடுது."

பனி இறங்கிய வயல்களுக்கு நடுவே மெஷினின் சக்கரம் தானாகச் சுற்றிக்கொண்டு வந்தது. எனக்கு அழுகையாக வந்தது. பாய் வழி நெடுக விசிலடித்தார்.

மண்டபத்தில் மணமகள் அறைக்குள் நுழைந்ததும் தெரிந்தது. பெண் பூசணிப்பூ மாதிரி மலர்ந்த உடம்பு. பக்கத்தில் நின்ற மாமியார் முருங்கைக் குச்சி. கண் கலங்கியிருந்த அந்தப் பெண் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஏங்க்கா, குண்டா இருந்தா கல்யாணப் பொண்ணு இல்லியா?"

ஊசி குத்தாத இடத்தில் குத்தியது.

மாமியார் என்னை முறைத்தார். பிறகு அந்த அரக்கு ரவிக்கையைப் பார்த்தார். என்ன நினைத்தாரோ, அதை எடுத்துக்கொண்டு பாத்ரூமுக்குள் போய்த் தாழ் போட்டார். திறந்து வந்தபோது, உப்பிய கைகளும் முதுகில் பட்டாம்பூச்சியுமாக, இடுப்பில் கை வைத்து ஒரு சுற்றுச் சுற்றி நின்றார். அச்சு அசல் அந்தப் படத்துக் கதாநாயகி, ஐம்பத்தைந்து வயதில்.

"எப்டிக்கீது?"

பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு, படத்தில் வருவதுபோலவே, 'வேண்டாம், அடுத்தது' என்று உதட்டைப் பிதுக்கித் தலையாட்டினாள். மாமியார் உள்ளே போனார். முந்தானையை மாற்றிச் செருகிக்கொண்டு வந்தார். மறுபடி பிதுக்கல். மூன்றாவது தடவை தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு வந்தார் பாருங்கள், பெண் சிரித்த சிரிப்பில் வைத்திருந்த பொட்டு கீழே விழுந்தது. அறையே உருண்டது.

"போதும் அத்த, சட்டைய அவங்ககிட்ட குடு. மணி ஆவுது" என்றாள், அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு.

எனக்கும் கை கால் திரும்பி வந்தது. தரையில் உட்கார்ந்து பட்டாம்பூச்சியைப் பிரித்தேன். பெரிய முடிச்சாக வைத்திருந்தது தெய்வச் செயல், இரண்டு முழத்துக்குப் பட்டு இருந்தது. அதை அக்குளுக்குக் கீழே இரண்டு பக்கமும் பட்டையாகக் கொடுத்து அகலப்படுத்தினேன். கைப்பட்டியைத் தளர்த்தினேன். பச்சை ரவிக்கையைப் பிடித்துத் தைப்பது பத்து நிமிஷ வேலை.

"முடிச்சு போய்டுச்சா?" என்றாள் பெண். மிச்சத் துணியில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு குட்டி முடிச்சுப் போட்டு முதுகில் வைத்துத் தைத்தேன். எட்டே முக்காலுக்கு ஹூக்கு மாட்டியது. மாட்டியதை நானே இரண்டு தடவை தொட்டுப் பார்த்தேன்.

வெளியே வந்தால், பாய் பந்தியில் மாப்பிள்ளை வீட்டாரோடு உட்கார்ந்து நாஷ்டா சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"படம் எப்டிக்கா?"

"டெய்லர் தப்பிச்சிட்டாண்ணே."

மேளம் உச்சத்துக்குப் போனபோது கூட்டத்தின் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தேன். தாலி முடிச்சுப் போட மாப்பிள்ளையின் அக்கா குனிந்தார். பெண்ணின் முதுகில் அந்தக் குட்டிப் பட்டாம்பூச்சி சிரிப்பில் குலுங்கிக்கொண்டிருந்தது. அவளுக்கு இன்னும் அடங்கவில்லை.

ஒரு வாரம் கழித்து மாமியார் என் கடைக்கு வந்தார். கையில் ஒரு மாம்பழ மஞ்சள் துணி. "அதே கை, அதே முடிச்சு. பெருசா வை" என்றார்.

"யாருக்கும்மா?" என்று கேட்டேன்.

"ஏன், நான் போட்டா ஆவாதா? அளவுதான் உங்கிட்ட கீதே!"

இப்போதெல்லாம் யாருக்கு, யாருடையது என்று கேட்காமல் நான் கத்தரிக்கோலைத் தொடுவதில்லை. பாய் கடை டிவியில் டெய்லர் வரும்போது சுவரைத் தட்டிச் சவுண்டைக் கூட்டச் சொல்கிறேன். துரத்துகிறவர்களுக்கு முன்னால் தலை தெறிக்க ஓடும் அவனை நினைக்கும்போது, அவன் பக்கத்தில் ஒரு மொபெட்டை நிறுத்தி, 'குந்துப்பா' என்று சொல்ல வேண்டும் போலிருக்கிறது எனக்கு.